கட்டிக்குப் பெயர் தெரியாமல் கை வைக்காதீர்கள்



இன்றைய தலைப்பைக் கேட்டதும் சிலருக்குச் சிரிப்பு வந்திருக்கலாம். செல்லப் பிராணியின் உடம்பில் திடீரென்று தோன்றும் கட்டி. அதுவும் நாய், பூனைகூட இல்லை, ஃபெரட்! விலைவாசி, வேலை வாய்ப்பு, பிள்ளைகளின் படிப்பு என்று பேச எவ்வளவோ இருக்கும்போது இதற்கு ஓர் அரங்கமா என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வி நியாயமானதுதான்.

ஆனால் பினாங்குத் தீவின் வாழ்க்கை மாறிவிட்டது. ஜோர்ஜ்டவுன், ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம் என்று எங்கு பார்த்தாலும் அடுக்குமாடி வீடுகள். நாய் வளர்க்க முற்றம் இல்லை. பிள்ளையோ ஏதாவது ஒன்று வேண்டும் என்று அடம் பிடிக்கிறது. அதனால் முயல், ஹெம்ஸ்டர், ஃபெரட் போன்ற சிறு பிராணிகள் வரவேற்பறைக்குள் வந்துவிட்டன. வாங்கும்போது கூண்டு எவ்வளவு, தீனி எவ்வளவு என்று கேட்கும் பெற்றோர், நோய் வந்தால் யாரிடம் போவது என்று கேட்பதில்லை. ஒரு நாள் மடியில் வைத்துத் தடவிக் கொண்டிருக்கும் பிள்ளை, "அம்மா, இங்க உருண்டையா ஒண்ணு இருக்கு" என்கிறது. அப்பா எட்டிப் பார்த்து, "விடு, ஏதாவது கடிச்சிருக்கும், தானா போயிடும்" என்கிறார். இந்த ஒரு வார்த்தையில் எத்தனை வாரங்கள் கரைந்து போகின்றன என்பதே இன்றைய பேச்சு.

எலி அல்ல, நீர்நாயின் உறவு

ஃபெரட்டைப் பார்க்காதவர்களுக்கு ஓர் அறிமுகம். கீரிப்பிள்ளைபோல் நீண்ட உடல், குட்டைக் கால்கள், கூர்மையான மூக்கு. பலர் இதை எலி இனம் என்று நினைத்து விடுகிறார்கள். உண்மையில் இது இறைச்சி உண்ணும் பிராணி. நீர்நாய் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. முயலுக்குக் கொடுக்கும் கீரையும் காரட்டும் இதற்கு ஆகாது. ஐரோப்பாவில் முயல் வேட்டைக்காகப் பல நூற்றாண்டுகளாகப் பழக்கி வளர்த்த உயிர் இது.

மனிதன் இந்தச் சிறு பிராணிக்குக் கடன்பட்டிருக்கிறான். 1933ஆம் ஆண்டில் லண்டனில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் அன்ட்ரூஸ், பாட்ரிக் லெய்ட்லோ ஆகிய மூவரும் மனிதனுக்கு வரும் சளிக்காய்ச்சலின் கிருமியை ஃபெரட்டின் உதவியால்தான் கண்டுபிடித்தார்கள். ஆய்வின்போது ஃபெரட் ஒன்று தும்ம, ஸ்மித்துக்கே காய்ச்சல் வந்துவிட்டது. மனிதனின் காய்ச்சல் அதற்குத் தொற்றும், அதன் காய்ச்சல் மனிதனுக்கும் தொற்றும். வீட்டில் யாருக்காவது சளிக்காய்ச்சல் என்றால் ஃபெரட்டை மடியில் வைத்துக் கொஞ்சாமல் இருப்பது நல்லது.

இன்றைய பேச்சுக்கு முக்கியமான செய்தி அதன் ஆயுள். பொதுவாக 5 முதல் 8 ஆண்டுகள். மனிதனின் 75 ஆண்டுகளோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபெரட்டுக்கு ஒரு மாதம் என்பது மனிதனுக்கு ஏறக்குறைய ஓராண்டு. "அடுத்த மாதச் சம்பளம் வரட்டும், பார்க்கலாம்" என்று தள்ளிப் போடுவது, மனிதன் ஒருவன் தன் உடம்பில் உள்ள கட்டியை ஓராண்டு கவனிக்காமல் விடுவதற்குச் சமம். அது மட்டுமல்ல, ஃபெரட் தன் வலியை வெளியே காட்டிக் கொள்ளாது. சாப்பாட்டை ஒதுக்கி மூலையில் சுருண்டு கிடக்கும் நிலைக்கு வந்துவிட்டால், நோய் முற்றியிருக்கக் கூடும்.

வெளியே ஒரே உருவம், உள்ளே பல காரணம்

கட்டி என்றதும் சிலர் புற்றுநோய் என்று அலறுகிறார்கள். சிலர் கொப்புளம் என்று அலட்சியமாக இருக்கிறார்கள். இரண்டுமே அவசரம். ஃபெரட்டின் உடம்பில் வரும் கட்டிகளில் சிலவற்றைப் பாருங்கள்.

தோலின் மேல் சட்டைப் பொத்தான்போல் சிறிதாக, முடி உதிர்ந்து, சொறிந்து சொறிந்து கறுத்த பொருக்குடன் இருக்கும் கட்டி ஒன்று உண்டு. மாஸ்ட் செல் கட்டி என்பார்கள். சில நாட்கள் மறைந்து மீண்டும் தலை காட்டும். இதே பெயருள்ள கட்டி நாய்க்கு வந்தால் உயிருக்கு ஆபத்தாகலாம். ஃபெரட்டுக்குப் பெரும்பாலும் தீங்கற்றது. பெயர் ஒன்றாக இருந்தாலும் பிராணிக்குப் பிராணி குணம் வேறு.

வாலின் நுனியில் உருண்டையாக, கல்போல் கெட்டியாக மெல்ல வளரும் கட்டி இன்னொன்று. கோர்டோமா எனப்படும் இதற்கு, வாலின் அந்தப் பகுதியை அறுத்து எடுத்துவிட்டால் பெரும்பாலும் தொல்லை தீர்ந்துவிடும். அதே கட்டி கழுத்து எலும்பில் வந்தால் கதை வேறு.

தாடைக்குக் கீழே, தோளுக்கு முன்னால், கால் இடுக்குகளில், முழங்காலுக்குப் பின்னால் வீக்கம் தெரிந்தால் அது நிணநீர்க் கணுவாக இருக்கலாம். லிம்போமா என்ற புற்றுநோயின் அறிகுறியாக அது இருக்கக் கூடும். அதே வேளையில் கொழுத்த ஃபெரட்டில் கணுவைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்தாலும் கைக்கு அதே வீக்கம்தான் தெரியும். இரண்டு ஃபெரட் உள்ள வீட்டில் விளையாட்டாகக் கடித்துக் கொண்டதால் உண்டான சீழ்க்கட்டியாகவும் இருக்கலாம். ஒன்று உயிரைப் பறிப்பது, ஒன்று தீனியைக் குறைத்தால் சரியாவது, மற்றொன்று சீழை எடுத்து மருந்து கொடுத்தால் ஆறுவது.

கைக்கு எட்டாத கட்டியும் உண்டு. வாலில் தொடங்கி முதுகுவரை முடி கொட்டிக் கொண்டே வந்தால், கருத்தடை செய்த பெண் ஃபெரட்டின் பிறப்புறுப்பு வீங்கினால், சிறுநீரகத்துக்கு அருகிலுள்ள அட்ரினல் சுரப்பியில் கோளாறு இருக்கலாம். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கோ ஸ்கூமேக்கரும் அவருடைய குழுவினரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, கருத்தடை செய்த வயதுக்கும் இந்த நோய் தொடங்கும் வயதுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. இனப்பெருக்க உறுப்பை எடுத்த பிறகும் மூளையிலிருந்து வரும் கட்டளை நிற்பதில்லை; அது அட்ரினல் சுரப்பியைத் தூண்டிக் கொண்டே இருக்கிறது. ஆண் ஃபெரட்டுக்கு இந்த நோயால் சிறுநீர் அடைத்துக் கொள்ளலாம். சிறுநீர் கழிக்க முக்குகிறது, வரவில்லை என்றால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

ஃபெரட் இல்லாத வீட்டாருக்கும் ஓர் உதாரணம். தெரு நாய்களின் பிறப்புறுப்பருகே இரத்தம் கசிய, பூக்கோசு போன்ற கட்டியைப் பலர் பார்த்திருப்பீர்கள். இனச்சேர்க்கையின்போது புற்றுநோய் அணுக்களே ஒரு நாயிலிருந்து மற்றொரு நாய்க்குத் தொற்றுவதால் வருவது அது. பார்க்கவே பயங்கரமாக இருக்கும். "இது பிழைக்காது" என்று கைவிட்டு விடுகிறார்கள். ஆனால் வின்கிரிஸ்டின் என்ற மருந்தை வாரம் ஒருமுறை சில வாரங்களுக்கு ஊசியாகப் போட்டால் பெரும்பாலான நாய்கள் குணமாகிவிடுகின்றன. அறுவை சிகிச்சைகூட வேண்டியதில்லை. சிறிய பொத்தானாகத் தெரிவது கொல்லலாம், பெரிய புண்ணாகத் தெரிவது குணமாகலாம். பார்வையை நம்பி முடிவு செய்வது எவ்வளவு தவறு!

பார்த்துச் சொல்வதும் சோதித்துச் சொல்வதும்

அப்படியானால் எதை நம்புவது? ஊசி முனையை நம்பலாம். தடுப்பூசி போடும் ஊசியைப் போன்ற மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, சில அணுக்களை உறிஞ்சிக் கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். சில நிமிட வேலைதான். சீழா, கொழுப்பா, புற்றுநோய் அணுவா என்பதற்குப் பல வேளைகளில் இதிலேயே விடை கிடைத்துவிடும். விடை கிடைக்காவிட்டால் கட்டியின் ஒரு துண்டையோ முழுக் கட்டியையோ எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். கட்டியை அறுத்து எடுத்தால் அதைக் குப்பையில் போட்டுவிடாமல் ஆய்வுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். முழுதும் எடுக்கப்பட்டதா, வேர் மிச்சம் இருக்கிறதா, மீண்டும் வருமா என்பதை அந்த அறிக்கை சொல்லும்.

அமெரிக்காவின் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் சூ எட்டிங்கர், நாய் பூனைகளுக்கு எளிய விதி ஒன்றைப் பரப்பி வருகிறார். கட்டி பட்டாணி அளவு, அதாவது 1 சென்டிமீட்டர் ஆகிவிட்டதா? அல்லது ஒரு மாதமாக இருக்கிறதா? இரண்டில் ஒன்று ஆம் என்றால் ஊசிச் சோதனை செய்யுங்கள் என்கிறார். ஃபெரட்டின் உடலும் சிறியது, ஆயுளும் குறைவு. அதற்கு ஒரு மாதம் என்பதே அதிகம். கட்டி கண்ணில் பட்ட அதே வாரத்தில் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

பெயர் தெரியாமல் வைத்தியம் செய்தால் என்ன ஆகும் என்பதை மலேசியா ஒரு முறை பெரும் விலை கொடுத்துக் கற்றுக் கொண்டது. 1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பேராக் மாநிலத்துப் பன்றிப் பண்ணைகளில் பணியாற்றியவர்கள் மூளைக் காய்ச்சலால் விழத் தொடங்கினார்கள். கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல்தான் என்று முடிவு கட்டப்பட்டது. தடுப்பூசி போட்டார்கள், கொசுப் புகை அடித்தார்கள். நோய் நிற்கவில்லை, நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. 1999 மார்ச் மாதத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா கா பிங் நோயாளியிடமிருந்து எடுத்த மாதிரியைச் சோதித்தபோதுதான், அது உலகம் அதுவரை அறியாத புதிய கிருமி என்று தெரிந்தது. சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் நிப்பா என்று அழைக்கப்பட்ட அந்தக் கிருமிக்கு 265 பேர் ஆளாகி 105 பேர் மாண்டார்கள். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. நோயின் பெயர் தெரிந்த பிறகே சரியான வழி பிறந்தது. ஒரு ஃபெரட்டின் கட்டி எங்கே, நாட்டையே உலுக்கிய நோய் எங்கே என்று கேட்கலாம். அளவு வேறு, பாடம் ஒன்றுதான்.

வீட்டில் செய்யக் கூடாதவை

முதலில், கட்டியைப் பிதுக்கக் கூடாது. மாஸ்ட் செல் கட்டியை அழுத்தினால் உள்ளிருக்கும் இரசாயனம் கசிந்து சுற்றிலும் வீங்கிவிடும். சீழ்க்கட்டியைப் பிதுக்கினால் கிருமி உள்ளே பரவும்.

இரண்டாவது, கைவைத்தியம். மஞ்சள், சுண்ணாம்பு, கோடாலித் தைலம் என்று எதையாவது தடவி விடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. மனிதன் தைலத்தைத் தடவினால் அது தோலோடு நிற்கும். ஃபெரட் அதை நக்கி விழுங்கிவிடும். அவ்வளவு சிறிய உடம்புக்கு அந்தச் சிறு அளவே நஞ்சாகலாம்.

மூன்றாவது, மனிதருக்கான வலி மாத்திரை. பாராசிட்டமோல் பூனையைக் கொல்லும், ஃபெரட்டுக்கும் ஆகாது. இபுபுரோஃபென் ஃபெரட்டுக்குக் கொடிய நஞ்சு. "பாதிதானே கொடுத்தோம்" என்ற சமாதானம் அங்கே செல்லாது.

செய்ய வேண்டியது எளிமையானது. கட்டியின் பக்கத்தில் ஒரு 20 காசு நாணயத்தை வைத்துக் கைப்பேசியில் படம் எடுங்கள். தேதி தானாகப் பதிவாகிவிடும். எந்த இடம், தொட்டால் நகர்கிறதா, அடியோடு ஒட்டிக் கொண்டிருக்கிறதா, கெட்டியா, மென்மையா என்று எழுதி வையுங்கள். சமையல் தராசில் வாரம் ஒருமுறை எடை பாருங்கள். "போன மாதத்தை விடக் கொஞ்சம் பெரிசு டாக்டர்" என்பதைவிட இரண்டு படங்களும் ஓர் எடைக் குறிப்பும் மருத்துவருக்கு நூறு மடங்கு உதவும். கட்டி நாளுக்கு நாள் வளர்ந்தாலோ, வெடித்து இரத்தம் வந்தாலோ, பிராணி சாப்பிட மறுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ படம் எடுத்துக் கொண்டிருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள்.

கிளம்புவதற்கு முன்

எல்லாக் கால்நடை மருத்துவரும் ஃபெரட்டைப் பார்ப்பதில்லை. நாய் பூனையில் கைதேர்ந்தவரே ஃபெரட் என்றதும் தயங்கலாம். அது அவருடைய குறையல்ல, நேர்மை. எனவே முதலில் தொலைபேசியில் அழைத்து, "ஃபெரட் பார்ப்பீர்களா, ஊசிச் சோதனை செய்வீர்களா" என்று கேட்டுக் கொள்ளுங்கள். இல்லையென்றால் பார்ப்பவர் யார் என்று அவரிடமே கேளுங்கள். சிக்கலான நோய் என்றால் செர்டாங்கிலுள்ள மலேசியப் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனைக்குப் பரிந்துரைக்க முடியுமா என்றும் கேட்கலாம்.

பினாங்கு வெயிலை மறந்துவிடாதீர்கள். ஃபெரட் குளிர் நாட்டுப் பிராணி. வியர்த்து உடம்பைத் தணித்துக் கொள்ள அதனால் இயலாது. 30 டிகிரி செல்சியசுக்கு மேல் போனாலே அதற்கு ஆபத்து. இங்கே நண்பகலில் அதற்கு மேல்தான் இருக்கிறது. பட்டர்வொர்த்திலிருந்து பாலம் கடந்து வருபவர்கள் நெரிசலில் மாட்டிக் கொள்ளாமல் காலையிலேயே கிளம்ப வேண்டும். குளிர்சாதனம் உள்ள காரில், காற்றோட்டமான பெட்டியில் கொண்டு போங்கள். மோட்டார் சைக்கிள் கூடையில் வேண்டாம். நிறுத்திய காருக்குள் ஐந்து நிமிடம்கூட விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

அறுவை சிகிச்சைக்கு முந்திய இரவிலிருந்து பட்டினி போடும் வழக்கம் மனிதருக்கும் நாய்க்கும் உண்டு. ஃபெரட்டுக்கு அது கூடாது. அது உண்ட உணவு மூன்று நான்கு மணி நேரத்திலேயே குடலைக் கடந்துவிடுகிறது. நீண்ட பட்டினியால் இரத்தத்தில் சர்க்கரை குறைந்து மயங்கி விழலாம். எத்தனை மணி நேரம் உணவு நிறுத்துவது என்பதை மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டு அதன்படி செய்யுங்கள்.

சுண்டைக்காயும் சுமைகூலியும்

கடைசியாகச் செலவு. இதைப் பேசாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை. "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்பார்கள். பிராணியின் விலையைவிட வைத்தியச் செலவு அதிகம், புதிது ஒன்று வாங்கிவிடலாமே என்ற பேச்சு பல வீடுகளில் எழுகிறது. அது எல்லா வீட்டிலும் கல் நெஞ்சத்தால் எழுவதில்லை. மாதக் கடைசியில் பால் மாவுக்கும் பள்ளிப் பேருந்துக்கும் கணக்குப் பார்க்கும் தந்தை வேறு எப்படிப் பேசுவார்?

அவருக்கு மூன்று கேள்விகள் உதவும். மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். இந்தச் சோதனைக்கு எவ்வளவு? முடிவு தெரிந்தால் செய்யப் போகும் சிகிச்சை மாறுமா? ஒன்றும் செய்யாமல் விட்டால் பிராணி எவ்வளவு வலி படும்? ஊசிச் சோதனைக்கு ஆகும் செலவு அறுவை சிகிச்சையைவிடக் குறைவு. தீங்கற்றது என்று தெரிந்தால் அறுவை சிகிச்சையே மிச்சமாகலாம். குணமாகாதது என்று தெரிந்தாலும் பயனில்லாத சிகிச்சையில் பணம் கரையாது.

குணமாகாது என்று தெரிந்தால்? வலியைக் குறைத்து இருக்கும் நாட்களை நன்றாக வைத்துக் கொள்வது ஒரு வழி. வலி தாங்க முடியாதபோது மருத்துவர் கையால் அமைதியாகக் கண் மூடச் செய்வது இன்னொரு வழி. இரண்டுமே பொறுப்பான முடிவுதான். கூண்டோடு கொண்டுபோய்ப் புதரில் விட்டுவிட்டு வருவது மட்டும் பொறுப்பாகாது. 2015ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2017 முதல் நடப்பிலுள்ள விலங்கு நலச் சட்டம், தன் பிராணியை வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காப்பது உரிமையாளரின் கடமை என்கிறது. அந்தச் சட்டம் பிராணி என்ன விலைக்கு வாங்கப்பட்டது என்று கேட்பதில்லை.

பெற்றோர்களே, பிள்ளையிடம் உண்மையைச் சொல்லுங்கள். "ஊருக்குப் போயிருக்கு" என்றால் வாசலைப் பார்த்துக் கொண்டே இருக்கும். "தூங்குது" என்றால் தூங்கவே பயப்படும். "அதுக்குப் பெரிய நோய், டாக்டரால முடிஞ்சதச் செஞ்சார், நாமும் செஞ்சோம்" என்று சொன்னால் பிள்ளை அழும், அழுது தெளியும். ஓர் உயிரைக் கையில் வாங்கினால் கடைசிவரை அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் கற்றுக் கொள்ளும்.

வீட்டில் இருக்கும் பிராணி எதுவானாலும் சரி, இந்த ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் ஒதுக்குங்கள். தாடையில் தொடங்கி வால் நுனிவரை மெல்லத் தடவிப் பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் மகிழ்ச்சி. ஏதாவது கையில் தட்டுப்பட்டால் படம் எடுங்கள், தேதியைக் குறியுங்கள், திங்கட்கிழமை காலையில் மருத்துவரை அழையுங்கள்.